இடப்பக்கக் கதவு

செம்மண்டலம் தாண்டி
டயர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில்
எங்கள் தகரக் கொட்டகை.
ஷட்டரை இறக்கி
எல்.இ.டி. விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
கறுப்பு பானெட்டுக்குள்
சிலந்தி ஒன்று
ஒன்பது வருடம் குடியிருந்திருக்கிறது.

விளக்கை நகர்த்தினால்
வலையும் கூடவே நகர்கிறது.
வெளிச்சம் எங்கேயோ
அங்கே அதற்கு மையம்.

"யாருப்பா இப்படிக் கீறினது?"
என்று கேட்டவர்தான்
கீறினவர்.

தில்லைகோவிந்தன். டாக்டரம்மாவின் டிரைவர்.
விடிகாலை ஐந்தரைக்கு
ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன்.
வெள்ளம் வடிந்த மறுநாள்
தன் வீட்டுச் சுவரைக் கழுவும் முன்
இதைத் துடைத்தவர்.
சொந்தப் பிள்ளைகளை
இதில் சாய்ந்து நிற்க விடாதவர்.
ஒரு கீறல் விழ விட்டதில்லை தம்பி,
ஒரே ஒரு கீறல்.

பனியன் நூலில் சிக்கிய
தேவனாம்பட்டினத்து மணல்
கண்ணுக்குத் தெரியாத பருமனில்
அவர் கை போன வழியெல்லாம்
வட்டம் வட்டமாய்க் கூடவே போயிருக்கிறது.
இதை எந்த வாயால் சொல்ல?

"உப்புக் காத்துண்ணே" என்றேன்.
முழுப் பொய்யில்லை.
கடலூரில் எதற்கும்
உப்புக் காற்றைச் சொல்லலாம்,
அது வந்து மறுத்துப் பேசாது.

களிமண் கட்டியை நனைத்து ஓட்டினேன்.
சிப்காட் புகையோ என்னவோ
பழுப்பாய் அப்பிக்கொண்டு வந்தது.
ரப்பர் ஓரங்களுக்கு நீல டேப்.
மைக்ரான் மீட்டரை வைத்தேன்.
பானெட்டில் நூற்றுப் பன்னிரண்டு.
கூரையில் நூற்றிருபது.
இடப்பக்கப் பின்கதவில்
இருநூற்று எண்பது.

இன்னொரு முறை வைத்தேன். அதே எண்பது.

"மஞ்சக்குப்பத்துல அடிச்சது.
நாலாயிரத்து ஐந்நூறு, என் காசு.
அம்மாவுக்குத் தெரியாது" என்றார்
என்னிடம் அல்ல,
மீட்டரிடம்.

கீறலை யாரும் எடுப்பதில்லை.
கீறலின் அடிமட்டம் வரைக்கும்
சுற்றியிருப்பதை இறக்குகிறோம்.
ஊரே பள்ளமாகிவிட்டால்
பள்ளம் என்று எதைக் காட்டுவாய்?
பளபளக்கிற ஒவ்வொரு வண்டியும்
கொஞ்சம் மெலிந்த வண்டி.

மஞ்சள் பஞ்சில்
பட்டாணி அளவில் நாலு பொட்டு.
நெடுக்கே ஒரு நடை, குறுக்கே ஒரு நடை.
அழுத்தினால் சூடேறும், சூடேறினால் போச்சு.
விளிம்பு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்,
பெயின்ட் அங்கேதான் மெல்லிசு.
அரை மணியில்
பாதி பானெட்டில் சிலந்தி இல்லை.
மறுபாதியில் அது
அசையாமல் உட்கார்ந்திருந்தது.
நடுவே டேப் கிழித்த எல்லை.

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
மாறி மாறிப் பார்த்தார்.
பிறகு வலது கையைத் தூக்கி
காற்றில் சுற்றினார்,
ஒரு தடவை,
இன்னொரு தடவை, மெதுவாக.
கையும் வலையும்
ஒரே வளைவு.

நான் மெஷின் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதில் பார்க்க ஒன்றுமில்லை.

பதினோரு மணிக் கரண்ட் போனது.
விளக்கு செத்தது.
ஷட்டர் இடுக்கு வெளிச்சத்தில்
வண்டி முழுதும் ஒரே கறுப்பு,
எல்லை இல்லை, பாதி இல்லை.
பக்கத்துக் கடையில்
மாவை அறைந்துகொண்டிருந்தார்கள்.

"இப்ப நல்லாத்தானே இருக்கு."

"ஆமாண்ணே."

"சனிக்கிழமை நெய்வேலிக்காரர் வந்து
எடுத்துட்டுப் போறார்."

கரண்ட் வர ஒன்றேகால் மணி ஆனது.
அதற்குள் அவர் இரண்டு டீ வாங்கி வந்தார்,
பனியன் துணியை நாலாய் மடித்து
பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.
பானெட்டை முடித்தேன், கூரையை முடித்தேன்,
வலப்பக்கம் முழுக்க முடித்தேன்.
பஞ்சை மாற்றிக்கொண்டு
இடப்பக்கம் வந்தபோது
கதவுக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.

"இதை விட்டுடு.
இது என்னோட காசு."

"டாக்டரம்மா கேட்டா?"

"உப்புக் காத்துன்னு சொல்லு."